இடுக்கில் ஊறிய நிறம்

அழுக்கு கறுப்பாகக் கரைந்து போகும், பழுப்பாகப் போகும், பாசி பிடித்திருந்தால் பச்சையாக வழுக்கிக்கொண்டு போகும். சிவப்பாகப் போகிற அழுக்கைத் தமயந்தி இன்றைக்குத்தான் பார்க்கிறாள். பின்கட்டு பாத்ரூமின் குழாய்ச் சுவரில், வெள்ளை டைல்ஸ்களுக்கு நடுவே ஓடுகிற இடுக்கு இத்தனை நேரம் டீ வடிகட்டியின் நிறத்தில் சும்மா கிடந்தது. சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷைத் தோய்த்து ஒரு இழுப்பு இழுத்தாள், அவ்வளவுதான். கோடு முழுக்கச் சிவந்துபோய்ச் சொட்டுச் சொட்டாக டைல்ஸ் மேல் வழிந்தது. ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள், நகக்கண்ணைப் பார்த்தாள், ஒரு கீறல் இல்லை. அப்படியானால் யாருடைய ரத்தம்? போன வாரம் மாமியார் உலகம்மை இங்கேதான் வழுக்கி விழுந்தாள். ஆனால் அவளுக்குக் கணுக்கால் பிசகி வீங்கியதே தவிர எங்கேயும் கிழியவில்லை. தமயந்திதான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்க் கட்டுப் போட்டுக் கூட்டி வந்தாள். அந்தக் கால்தான் இன்றைக்கு இவளை இங்கே குத்தவைத்து உட்கார வைத்திருக்கிறது. வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அத்தை அம்மன் கோயிலுக்குப் போகிற நாளும் அதுதான், அன்றைக்கு ஒரு நாளாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்றால், இன்னொரு தடவை அத்தை வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்ற பயம் வாளியையும் பிரஷ்ஷையும் எடுக்க வைத்துவிட்டது. இந்த பாத்ரூமை அத்தை யாரையும் கழுவ விட்டதில்லை. வேலைக்காரி வைத்திருந்த காலத்தில் அவளையும் விட்டதில்லை. என் அழுக்கை நான் கழுவிக்கிடுதேன் என்பாள். நல்ல குணம் என்றுதான் தமயந்தி இத்தனை வருஷமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வழிந்த சிவப்பைச் சுட்டுவிரலால் தொட்டு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ரத்தத்தின் இரும்பு வாடை இல்லை. வேறு ஏதோ ஒரு வாடை, ஈர மண்ணும் கல்யாண வீடும் கலந்த வாடை.

மஞ்சள். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவக்கும், சோடா பட்டாலும் அதேதான். மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவந்து பயமுறுத்துவது எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? ஒரு தட்டு ஆரத்தியைச் சுவரில் கவிழ்த்ததுபோல இடுக்கு சிவந்து நின்றது. அப்பாடா ரத்தம் இல்லை என்று ஒரு மூச்சு விட்டவள் அடுத்த மூச்சை விட முடியாமல் அப்படியே இருந்தாள். இந்த வீட்டில் மஞ்சள் தேய்த்துக் குளிப்பது யார்? கோலப்பொடி டப்பாவில் கிடக்கிற ஒரு துண்டைத் தவிர இந்த வீட்டில் பூசு மஞ்சள் கிடையாது. தமயந்தி கல்யாணமான புதிதில் பூசினாள், பிறகு கண்ணாடிக் கடைக்குப் போக ஆரம்பித்ததும் விட்டுவிட்டாள். முகத்தில் மஞ்சளோடு நின்றால் மெஷினில் கண்ணை வைக்கிறவர்கள் தாடை வைக்கிற இடமெல்லாம் மஞ்சளாகிறது என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். அதோடு சரி. வெள்ளிக்கிழமை, நல்ல நாள், பொங்கல், தாலியில் மட்டும் ஒரு பொட்டு, அதுவும் முன்கட்டு பாத்ரூமில். பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். மீதி அவள் புருஷன் நெல்லையப்பன், அவனா மஞ்சள் பூசுவான்? ஆக வீட்டில் பொம்பிளை என்று இருப்பது அவள் ஒருத்திதான். அவள் பூசவில்லை என்றால், வேறு ஒருத்தி பூசுகிறாள். இந்தக் குழாயடியில் நின்று, இந்தச் சுவரில் தெறிக்கத் தெறிக்க, மெனக்கெட்டு மஞ்சள் தேய்த்து ஒருத்தி குளித்துவிட்டுப் போகிறாள். தினமும் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எழுத்துப் பலகையைக் காட்டி, இது தெரியுதா, இது தெரியுதா என்று ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவளுக்குத் தன் வீட்டுச் சுவர் தெரியாமல் போயிருக்கிறது.

நடுவீட்டுப் பட்டாசாலையிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள். எம்மா, போதும் விடு, கால் சரியாகட்டும், நானே கழுவிக்கிடுதேன். காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று தமயந்தி எண்ணவில்லை, ஆனால் இப்போதுதான் அந்தக் குரலுக்குள் ஒரு நடுக்கம் இருப்பதைக் கேட்டாள். வாளியைத் தூக்கும்போதே அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். சோடாவைக் கரைக்கும்போது, எதுக்கு அவ்வளவு, சும்மா தண்ணி ஊத்தினாலே போதும் என்றாள். கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகத்தான் வருகிறது. அத்தைக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? பகலெல்லாம் இந்த வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதானே. அவள் கண்ணில் படாமல் ஒருத்தி கொல்லைப்பக்கம் வந்து குளிக்க முடியுமா? துண்டு விஷயம் ஞாபகம் வந்தது. கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டின் ஓரத்தில் ஒருநாள் மஞ்சள் தீற்றலாக இருந்தது. இது என்ன என்று தமயந்தி சும்மாதான் கேட்டாள், யாரையும் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை முந்திக்கொண்டு, சாம்பார் தெறிச்சிருக்கும் என்றாள். சாம்பார் எப்படியம்மா கொல்லைக் கொடிக்குப் பறந்து போய்த் தெறிக்கும்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளை கதைதான். அன்றைக்கே பிடித்திருக்க வேண்டும். பிடிக்காமல் அந்தத் துண்டை இவளே சோப்புப் போட்டுத் துவைத்து, சிவந்ததைப் பார்த்து, வெயிலில் போட்டு, வெளுத்ததும் மடித்துப் புருஷனுக்கே கொடுத்தாள். தன் கையாலேயே தடயத்தைத் துவைத்துக் கொடுத்த புத்திசாலி.

முத்துக்கனி. பெயர் தானாக வந்து நின்றது, தேடவே வேண்டியிருக்கவில்லை. நெல்லையப்பனின் எலக்ட்ரிக்கல் கடையில் பல்பும் ஒயரும் எடுத்துக் கொடுக்கிறவள். அவன் சாப்பாட்டுக்கு வராத நாளில் தூக்குவாளி வாங்க மத்தியானம் வீட்டுக்கு வருகிறவள். முகம் முழுக்க மஞ்சள், காதோரம் வரை, கழுத்து மடிப்பு வரை, ஒரு இடம் விடாமல் மஞ்சள். லோடு ஆட்டோ ஓட்டுகிற புருஷன் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், அதெல்லாம் சரி, யாருக்குத்தான் புருஷன் இல்லை? அத்தைக்கு அவள் என்றால் ஒரு இது. அவள் வந்தால் உட்காரச் சொல்வாள், மோர் கொடுப்பாள். ஒருநாள் தமயந்தி இருக்கும்போதே அவள் தாடையைப் பிடித்து, உனக்கு மட்டும் இப்படி ஒட்டுதே, எந்தக் கடை மஞ்சள் என்று கேட்டாள். முத்துக்கனி வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தக் கை தாடையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பது இப்போது கண்ணுக்குள் நிற்கிறது. மருமகள் தாடையை அத்தை அப்படித் தொட்டதே இல்லை. அவ லட்சணமா இருக்கா, பாத்தியா, என்று அவள் போன பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டு சொன்னாள். எதற்குச் சொன்னாள்? நீ லட்சணமாக இல்லை என்று சொல்லவா, அல்லது இப்படி ஒருத்தி வந்துபோகிறாள், நீ கண்ணை முழித்துக்கொள் என்று ஜாடையாகச் சொல்லவா? அத்தை நல்லவளா கெட்டவளா என்று இத்தனை வருஷம் கழித்து பாத்ரூமில் குத்தவைத்து யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று தமயந்திக்கு அழுகை வந்தது. அழவில்லை. பிரஷ்ஷைச் சோடாவில் முக்கி அடுத்த இடுக்கில் வைத்தாள்.

அதுவும் சிவந்தது. அதற்கு அடுத்ததும் சிவந்தது. குறுக்குக் கோடு, நெடுக்குக் கோடு, குழாயைச் சுற்றி ஒரு வட்டம், சோப்பு வைக்கிற மாடத்துக்குக் கீழே ஒரு பட்டை. எதிர்ச் சுவரில் தேய்த்துப் பார்த்தாள், அங்கே யோக்கியமான பழுப்பு அழுக்குதான் வந்தது, கதவோரமும் அப்படியே. குழாயடி மட்டும்தான். மாமனார் ஆசையாகப் பதித்த டைல்ஸ் இது. அந்தத் தெருவிலேயே முதலில் பாத்ரூமில் டைல்ஸ் போட்டவர் அவர்தான் என்று ஒரு பெருமை உண்டு. வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து இடுக்கு இடுக்காக அவரே கையால் அடைத்தாராம். தமயந்தி கல்யாணமாகி வரும்போது அவர் போட்டோவில் இருந்தார். இடுக்குக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மேலே இருந்த சிவப்பை வழித்தெடுத்தாலும் கீழே மஞ்சள் இருந்தது, அதைத் தேய்த்தால் அதுவும் சிவந்தது. ஒரு ஹேர்பின்னை எடுத்து லேசாகச் சுரண்டினாள். சிமெண்டுத் தூள் உள்ளுக்குள்ளேயும் மஞ்சளாகவே உதிர்ந்தது. ஒருநாள் கூத்தில் இவ்வளவு ஆழம் இறங்காது. ஒரு மாசத்தில் இறங்காது. இது வருஷக்கணக்கு. மஞ்சள் தண்ணீர் தினம் தினம் தெறித்து, காய்ந்து, மேலே சோப்பு நுரை படிந்து, அதற்கு மேலே தூசி படிந்து, மறுபடி மஞ்சள் தெறித்து. முத்துக்கனி கடைக்கு வந்தது போன ஆடிக்கு முந்தின ஆடி. அப்படியானால் அவளுக்கும் முன்னால் ஒருத்தி. அவளுக்கும் முன்னால்? பையன் பிறந்து இவள் அம்மா வீட்டில் கிடந்த அந்த மாசங்களிலா? அப்போது நெல்லையப்பன் வாராவாரம் பஸ் ஏறி வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போவானே, அந்தத் தூக்கமெல்லாம் எந்தக் களைப்பில் வந்த தூக்கம்? ஒன்றைத் தொட்டால் ஒன்பது சரிந்தது. நல்லது என்று ஞாபகத்தில் அடுக்கி வைத்திருந்த ஒவ்வொன்றிலும் சோடாத் தண்ணீர் பட்டு ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டு வந்தது.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், பழனிக்குப் பால்குடம் எடுப்பான், அப்பாவுக்குத் திதி வந்தால் முந்தின நாளே பேச்சைக் குறைத்துக்கொள்வான். முறை என்றால் முறை. அவன் அக்கா மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது, எல்லாரும் சந்தனம் பூசி வளையல் போட, அத்தையும் ஒரு வளையலைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டடி முன்னால் வந்துவிட்டாள். பேத்தி என்ற ஆசையில் வந்திருப்பாள். நெல்லையப்பன்தான் போய் அவள் தோளைப் பிடித்து, ரொம்ப மெதுவாக, யாருக்கும் கேட்காமல், அம்மா, நீ கொஞ்சம் பின்னால நில்லு என்றான். பக்கத்தில் நின்ற தமயந்திக்குக் கேட்டது. அத்தை வளையலைத் தட்டில் வைத்துவிட்டுப் போய் அடுக்களையில் பாயசத்தைக் கிண்டிக்கொண்டு நின்றாள். எவ்வளவு பக்குவமாகச் சொன்னான் என்று தமயந்தி அன்றைக்குப் பெருமைப்பட்டாள். மற்ற ஆண்கள் என்றால் கத்தியிருப்பார்கள். இப்படி முறை தெரிந்தவன், அம்மாவைக்கூட ஒரு அடி தள்ளி நிறுத்தத் தெரிந்தவன், அம்மா குளிக்கிற இடத்திலேயே ஒருத்தியைக் குளிக்க வைப்பானா? வைப்பான். வைக்காமல் சுவர் ஏன் சிவக்கிறது? சுவருக்குப் பொய் சொல்லத் தெரியுமா? மனிதர்களை நம்பி என்ன பிரயோஜனம், டைல்ஸை நம்பலாம். போன் எங்கே என்று நினைத்தாள். தூத்துக்குடியில் இருக்கிற அண்ணனைக் கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவான். வந்து? வந்து என்ன சொல்வது? அண்ணே, இடுக்கு சிவந்துபோச்சு என்றா? அவன் இவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மதினி ஆரம்பித்துவிடுவாள். பிறகு பஞ்சாயத்து, பிறகு பையன் காதுக்குப் போகும், பிறகு கண்ணாடிக் கடையில் தாடையை வைக்கிறவர்கள் எல்லாரும் மெஷினுக்குள்ளிருந்து இவள் முகத்தையே பார்ப்பார்கள். ஒன்றும் தெரியாததுபோல இதைத் தேய்த்து வெளுப்பாக்கிவிட்டு எழுந்து போய் ரசம் வைக்கலாம். வைக்கலாம்தான். ஆனால் கை ரசம் வைக்கும், மனசு இனி ஒவ்வொரு துண்டையும் விரித்து விரித்துப் பார்க்கும். அந்த வாழ்க்கையை நினைத்தபோது பயமாக இருந்தது, அண்ணனைக் கூப்பிடுவதைவிட அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

மஞ்சள் பூசுகிறவள் மஞ்சளை எங்கே வைப்பாள்? இந்தக் கேள்வி எப்படி இவ்வளவு நேரம் வராமல் போயிற்று என்று தமயந்தி எழுந்தாள். முட்டி இரண்டும் முறுக்கிக்கொண்டு வலித்தது. தினமும் மடியில் கட்டிக்கொண்டு வரமாட்டாள். பாத்ரூமில்தான் எங்கேயாவது இருக்கும். மாடத்தில் அத்தையின் சிகைக்காய்த்தூள், கடலைமாவு டப்பா, தேங்காய் நார், ஒரு வேப்பங்குச்சி. கடலைமாவைக் கிளறிப் பார்த்தாள், மாவுதான். ஜன்னல் விளிம்பில் கை விட்டுத் துழாவினாள், செத்த பல்லிதான் இருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றாள். வென்டிலேட்டருக்குக் கீழே உள்ள திட்டில் மாமனாரின் ஷேவிங் பெட்டி இருந்தது, அலுமினியப் பெட்டி. அது அங்கேயேதான் இருக்க வேண்டும், அப்பா கையால வச்சது, யாரும் தொடக்கூடாது என்று நெல்லையப்பன் சொல்லியிருக்கிறான். தமயந்தி தொட்டதில்லை. அவனும் தொடமாட்டான், அண்ணாந்துகூடப் பார்க்கமாட்டான். அமாவாசைக்கு அமாவாசை அத்தை மட்டும் இறக்கித் துடைத்து வைப்பாள். அவ்வளவு உயரத்தில் மற்ற சாமான் மேலெல்லாம் ஒட்டடை, பெட்டி மட்டும் பளபளவென்று இருந்தது. மூடியின் ஓரத்தில் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது. அமாவாசைக்கு ஒருமுறை தொட்டால் அலுமினியம் அப்படித் தேயாது. தமயந்தி திறந்தாள். ரேசர் இல்லை, பிரஷ் இல்லை. உள்ளே ஒரு குண்டு மஞ்சள், உரசி உரசி ஒரு பக்கம் சரிந்து போனது, ஈரம் இன்னும் முழுக்கக் காயாமல் ஓரத்தில் பூஞ்சை தட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி, சவரத்துக்கு வைத்துக்கொள்கிற வட்டக் கண்ணாடி, அதன் மேலும் மஞ்சள் விரல் ரேகை.

வாளி மேல் நின்றபடியே அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துக்கனி இந்தப் பெட்டியைத் தொட்டிருக்க முடியாது. வேறு எவளும் தொட்டிருக்க முடியாது. இதைத் தொடுகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான். காலையிலிருந்து வீட்டிலுள்ள பொம்பிளைகளை எண்ணியபோது அந்த ஒருத்தியைத் தமயந்தி எண்ணவே இல்லை. எண்ணிவிட்டு விலக்கினாள் என்றால்கூடப் பரவாயில்லை, எண்ணவே இல்லை. புருஷன் போனவள் மஞ்சள் கணக்கில் வரமாட்டாள் என்று யாரும் இவளுக்குச் சொல்லித் தரவில்லை, அது ரத்தத்திலேயே இருந்திருக்கிறது. அத்தை குளிக்கப் போனால் ஒரு சினிமா பார்த்துவிட்டு வரலாம் என்று வீட்டில் எல்லாரும் கேலி பேசுவார்கள், இவளும் பேசியிருக்கிறாள். பையன் கதவைத் தட்டி, ஆச்சி தூங்கிட்டியா என்று கத்துவான். உள்ளே அவள் அந்த நேரத்தில் மஞ்சளை உரசி, முகத்தில் பூசி, இந்த வட்டக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பிறகு கடலைமாவைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் கழுவிவிட்டு, வெறும் நெற்றியோடு வெளியே வந்திருக்கிறாள். மாமனார் போனபோது அவளுக்கு என்ன வயசு? தமயந்தியின் இன்றைய வயசுதான் இருக்கும், ஒன்றிரண்டு குறைவாகக்கூட இருக்கும். சந்தோஷப்பட வேண்டும். புருஷன் மேல் இருந்த கரி கழுவிப் போயிற்று, அண்ணனைக் கூப்பிட வேண்டாம், ரசம் வைக்கலாம். சந்தோஷம் வந்தது, வந்த கையோடு வெட்கமும் வந்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. கடலைமாவு டப்பாவை நோண்டிய விரலைப் பாவாடையில் துடைத்தாள்.

கதவில் நிழல் விழுந்தது. உலகம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை ஊன்றாமல், ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே பட்டாசாலையிலிருந்து வந்திருந்தாள். சுவரைப் பார்த்தாள். சிவப்பைப் பார்த்தாள். மருமகள் கையில் திறந்திருந்த பெட்டியைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று தமயந்தி நினைத்தாள், கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பூசிட்டு வெளிய வந்ததில்ல, தமயந்தி," என்றாள். "ஒரு நாளும் வந்ததில்ல. உள்ளயே கழுவிட்டுத்தான் வருவேன்."

தமயந்தி வாளியிலிருந்து இறங்கினாள். பரவாயில்லை அத்தை என்று சொல்லலாம், ஆனால் பரவாயில்லை என்று சொல்ல இவள் யார்? ஒன்றும் தப்பில்லை என்று சொல்லலாம், அது இன்னும் மோசம். பெட்டியை மூடி நீட்டினாள். அத்தை வாங்கவில்லை. அவள் கண் முன்வாசல் பக்கமே இருந்தது.

"அவன்கிட்ட மட்டும் சொல்லிராத. அவங்க அப்பா பெட்டியில வச்சிருக்கேன்னு தெரிஞ்சா எம் மூஞ்சில முழிக்க மாட்டான்."

சொல்லமாட்டேன் என்று தமயந்தி தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பு முடிவதற்குள் வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. இன்றைக்குச் சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். பெட்டியைத் திட்டில் எறியாத குறையாக ஏற்றிவிட்டுத் தமயந்தி மறுபடி குத்தவைத்தாள். செருப்பு கழற்றுகிற சத்தம், சாவியை ஆணியில் மாட்டுகிற சத்தம், அம்மா எங்கே என்று தேடுகிற காலடி. நெல்லையப்பன் பின்கட்டுக்கு வந்து, கட்டுப்போட்ட காலோட இங்க என்ன நிக்கே என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். தரையெல்லாம் சிவந்து ஓடிக்கொண்டிருந்தது. ரத்தமா என்று பதறி அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அந்தப் பதற்றத்தில் பொய் இல்லை, காலையிலிருந்து இந்த ஆளையா என்று தமயந்திக்கு நெஞ்சு கரைந்தது. ரத்தம் இல்லை, மஞ்சள்தான், சோடா பட்டுச் சிவந்திருக்கு என்றாள். அவன் கையை விட்டான்.

"இங்க யாரு மஞ்ச பூசுதா?"

அத்தை சுவரில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். வளைகாப்பு வீட்டில் தட்டில் வளையலை வைத்தபோது இருந்த அதே கைதான் இப்போது கதவு நிலையைப் பிடித்திருந்தது.

"நாந்தான்," என்றாள் தமயந்தி.

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. நீயா என்றான். நீ பூசி நான் பார்த்ததே இல்லையே என்றான். பூசிட்டுக் கழுவிருவேன் என்றாள் தமயந்தி. யோசித்துச் சொல்லவில்லை, சற்று முன்னால் காதில் விழுந்தது அப்படியே வாய் வழியாக வந்துவிட்டது. வேறு எதையாவது சொல்லியிருக்கலாம் என்று அது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அவன் சுவரைப் பார்த்தான். குனிந்து, சுட்டுவிரலால் ஒரு இடுக்கைத் தொட்டுப் பார்த்தான். ஹேர்பின் சுரண்டிய இடத்தில் உள்ளே எவ்வளவு ஆழத்துக்கு மஞ்சள் ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்தான். அவன் என்ன கணக்குப் போடுகிறான் என்பது தமயந்திக்கு வரி வரியாகத் தெரிந்தது. காலையில் அவளே போட்ட கணக்குதான் அது. இங்கே, பின்கட்டில், நான் இல்லாத நேரத்தில், எனக்குக் காட்டாமல் கழுவிவிட்டு, இத்தனை வருஷமாக.

"எப்பத்துல இருந்து?" என்றான்.

ரொம்ப நாளாச்சு என்றாள். அவன் ம் என்றான். அவனுக்கு அதட்டத் தெரியாது, அவனுக்கு மெதுவாகத்தான் எல்லாம் தெரியும். அம்மாவின் தோளைப் பிடித்து, வா, வந்து படு என்று பட்டாசாலைக்கு நடத்திக்கொண்டு போனான். அத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நன்றி சொல்கிற பார்வையா, மன்னிப்புக் கேட்கிற பார்வையா என்று புரியவில்லை. சொல்லிவிடுவாள் என்று தமயந்தி நினைத்தாள். கட்டிலில் உட்கார்ந்ததும், எய்யா, அவ இல்ல, நாந்தான் என்று சொல்லிவிடுவாள். தன்னால் ஒரு மருமகளுக்குக் கெட்ட பெயர் வர விடுகிறவளா அத்தை? சொல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், பிறகு சரியாகிவிடும். சரியாகுமா? காலையில் இந்தச் சிவப்பை வைத்துக்கொண்டு இவள் எத்தனை ஊர் சுற்றி வந்தாள், பிள்ளைத் தொட்டில் வரைக்கும் போய்விட்டு வந்தாளே. அவனுக்கு மட்டும் கால் இல்லையா? இவளுக்காவது ஒரு பெட்டி கிடைத்தது, அவன் அந்தப் பெட்டியை ஆயுசுக்கும் திறக்கமாட்டான். பிரஷ்ஷைத் தோய்த்தாள், ஆனால் தேய்க்கவில்லை. மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள். கட்டில் கிறீச்சிட்டது. தலையணையைக் கால் அடியில் வைத்துவிடுகிறான் போலிருக்கிறது. பிறகு அவன் குரல், ரொம்பத் தாழ்ந்து, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ஏம்மா, செவ்வாக்கிழமை நீ அம்மன் கோயிலுக்குப் போயிட்டா, வீட்டுக்கு யாரும் வாராங்களா?"

தெருவில் ஒரு உப்பு வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். சொல்லுங்கள் அத்தை என்று தமயந்தி உதட்டுக்குள் சொன்னாள்.

"எனக்கு என்னய்யா தெரியும்," என்றாள் உலகம்மை. "நான் கோயிலுக்குப் போயிருதேன்."

அதற்கு மேல் எதுவும் காதில் விழ வேண்டாம் என்று தமயந்தி குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.